மேடம் நின்ற பதினோராம் வளைவு

ஐப்பசி பத்தொன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றரை மணிக்குப் பதினோராம் வளைவில் இருந்தவர்கள் இவர்கள்: கேரட் கழுவும் களத்தின் சொந்தக்காரர் நஞ்சன், களத்தில் ரப்பர் பூட்ஸோடு நின்று கழுவிக்கொண்டிருந்த எஸ்தர், அவள் நாத்தனார் பொன்மணி, மூட்டை தூக்குகிற அண்ணன் தம்பி இரண்டு பேர், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை வைத்திருந்த ஹம்சா, ஜீப் ஓட்டி வந்த ஜோசப்ராஜ், ஜீப்பின் பின்சீட்டில் பிரசவ வலியோடு படுத்திருந்த சுகந்தி, அவள் தலையை மடியில் தாங்கியிருந்த தாய் அஞ்சலை, ஜீப்புக்கு முன்னால் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்த தகப்பன் பரஞ்சோதி. ஆக மொத்தம் பத்துப் பேர். வயிற்றில் இருந்ததைச் சேர்த்தால் பதினொன்று என்று அஞ்சலை பின்னாளில் சொல்வாள். வெளியே வந்த பிறகுதான் கணக்கில் வரும் என்று பரஞ்சோதி சொல்வார். மாட்டைச் சேர்த்துக்கொள்வதில் மட்டும் அவர்கள் இரண்டு பேருக்கும் சண்டை வந்ததில்லை.

மூடுபனி அந்த மலைக்குப் புதிதில்லை. ஆனால் அன்று இறங்கிய மூடுபனியில் ஜோசப்ராஜுக்குத் தன் ஜீப்பின் முகப்பே தெரியவில்லை. தலையை வெளியே நீட்டி, முன்சக்கரம் ரோட்டில்தான் இருக்கிறதா என்று பரஞ்சோதியைக் கேட்டுக் கேட்டு, தங்கள் ஊரான மேல்சோலைமட்டத்திலிருந்து மூன்று வளைவு இறங்குவதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. வளைவுகளுக்கு அடிவாரத்திலிருந்து எண் போட்டிருந்தார்கள். பதினான்கில் தொடங்கிப் பதினொன்றுக்கு வந்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் நான்காம் வளைவுக்கு மேல் ஏற முடியாமல் நின்றுவிட்டதாக போன் வந்திருந்தது. அந்தப் பதினோராம் வளைவு எப்படிப்பட்டது என்பது அங்கே இருந்த பத்துப் பேருக்கும் தெரியும். எட்டு வருடத்தில் ஏழு வண்டிகள் அங்கே பள்ளத்துக்குள் போயிருந்தன. நான்கு பேர் திரும்பி வரவில்லை. ஏழும் மூடுபனி நாட்களில்.

ஜோசப்ராஜ் என்ஜினை நிறுத்தினான்.

"மாமா, இனிமே என்னால ஆகாது. ரோடு எங்க முடியுது, பள்ளம் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல. மிஸ்ட்டு தூக்கட்டும்."

"எப்பத் தூக்கும்?" என்றாள் அஞ்சலை உள்ளேயிருந்து.

"அது தூக்கறப்ப."

"அதுவரைக்கும் இவ பொறுத்துக்குவாளா? நீ பெத்துப் பாத்திருக்கியா?"

சுகந்தி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். பரஞ்சோதி வலிக்கும் வலிக்கும் இடையிலான நேரத்தை எண்ணிக்கொண்டு வந்திருந்தார். பதினான்காம் வளைவில் முந்நூறு வரை எண்ண முடிந்தது, இப்போது நூற்று நாற்பதுக்கே அடுத்தது வந்துவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்குப் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், முப்பத்துநான்கு வருடமாக அந்தக் களத்தில் மூட்டைக்கு வாய் தைக்கிறவர், ஒரு நாளில் எத்தனை மூட்டை தைத்தோம் என்பதில் ஒன்றுகூடப் பிசகாதவர். ஆனால் நான்கு பேர் கூடி நின்றால் ஐந்தாவதாகப் போய் நிற்கக் கூச்சப்படுகிறவர்.

அப்போது எஸ்தர், பஸ் வருகிறது என்று சொல்வதுபோல, "மாடு வருது" என்றாள்.

வந்தது. காய்ந்த தேங்காய் நாரின் நிறத்தில், முழங்கால் வரை தொங்குகிற முடியோடு, நெற்றியிலிருந்து வழிந்து இரண்டு கண்களையும் மூடிய முன்மயிரோடு, பழைய சைக்கிளின் ஹேண்டில்பார்போல இரண்டு பக்கமும் விரிந்த கொம்போடு, மேலே ரோடு இருந்த பக்கத்திலிருந்து, வழி தெரிந்த ஆளின் நடையில் வந்தது. யாரும் ஓடவில்லை. மூட்டை தூக்கும் தம்பி மட்டும் கையிலிருந்த கேரட்டை நீட்டினான். அது வாங்கித் தின்றது. தின்றுவிட்டு ஜீப்பின் பக்கவாட்டில் வந்து, திறந்திருந்த ஜன்னலுக்குள் மூக்கை விட்டு, சுகந்தியின் கையை மோந்து, சொரசொரப்பான நாக்கால் ஒருமுறை நக்கியது. சுகந்தி அந்த வலியிலும், "சுடச்சுட மூச்சு விடுதும்மா, நல்லாருக்கு" என்றாள்.

"யாரோட மாடுய்யா இது?" என்றார் நஞ்சன். "எருமையும் இல்ல, காட்டு மாடும் இல்ல. முடி வெட்டவே ஆளில்லாத வீட்டுல வளந்திருக்கு."

ஜீப்புக்கு நேர் முன்னால் போய் நின்ற அதனிடம் ஜோசப்ராஜ் தன்னையறியாமல், "மேடம், கொஞ்சம் வழி விடுங்க" என்றான். அன்றிலிருந்து அதன் பெயர் மேடம்.

மேடம் வழி விடவில்லை. திரும்பி, இறக்கத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. அது நடக்க நடக்க, கம்பளியில் பஞ்சு ஒட்டுவதுபோல மூடுபனி அதன் முடியில் ஒட்டிக்கொண்டே போனது. அது கடந்த இடத்தில், ஒரு லாரி போகிற அகலத்துக்கு, தார் ரோடும் வெள்ளைக் கோடும் ஓரத்துக் கல்லும் கழுவி வைத்ததுபோலத் தெரிந்தன. ஜோசப்ராஜ் என்ஜினைப் போட்டான். பரஞ்சோதி டார்ச்சை அணைத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மாட்டின் விலாவில் கை வைத்தபடி கூடவே நடந்தார். உள்ளங்கை முடிக்குள் மணிக்கட்டு வரை புதைந்தது. உள்ளே அடுப்படிச் சூடு இருந்தது. பத்தாம் வளைவு, ஒன்பதாம் வளைவு, எட்டாம் வளைவு என்று ஜீப் முதல் கியரில் பின்னால் வந்தது. நான்காம் வளைவு வரை அவர் எண்ணியது நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு காலடி. அங்கே பனி முடிந்து, கீழே வெயிலில் ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது.

மாலை ஆறு பத்துக்குக் குழந்தை பிறந்தது. பெண். இரண்டு கிலோ தொள்ளாயிரம். இன்னும் அரை மணி பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் கஷ்டம் என்று நர்ஸ் சொன்னதைப் பரஞ்சோதி நின்றுகொண்டே கேட்டார். கேட்டுவிட்டு வராந்தாவுக்குப் போய், தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். அதில் தேங்காய் நார் நிறத்தில் ஒரே ஒரு முடி ஒட்டியிருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவர் களத்துக்குத் திரும்பியபோது, களத்தின் ஓரத்தில் ஒரு வைக்கோல் போர் அளவுக்கு வெள்ளையாக ஏதோ நின்றது. கொம்பின் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன.

"மேடந்தான்" என்றாள் எஸ்தர். "ராவுல திரும்பி வந்திருக்கு. மலையில இருந்த மிஸ்ட்டெல்லாம் அது மேலதான் இருக்குபோல. நகர முடியல பாவம்."

என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. எஸ்தர்தான் சருகு வாரும் இரும்பு வாரியை எடுத்து வந்து, முதுகிலிருந்து ஒரு இழுப்பு இழுத்தாள். மூடுபனி சுருள் சுருளாக வந்தது. இரண்டு பேர் சீவி, மூன்று பேர் அள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் கொட்டினார்கள். வெள்ளைக்குள்ளிருந்து மேடம் வெளியே வந்து, உடம்பை ஒருமுறை உதறி, நான்கு கிலோ கேரட் தின்றது. கொட்டிய மூடுபனியோ, வேலை விட்டு வீடு திரும்புகிற ஆளைப்போல, நான்கு மணிக்குப் பள்ளத்திலிருந்து ஏறி மறுபடி ரோட்டுக்கு வந்தது. மேடமும் மறுபடி நடந்து அதை வாரிக்கொண்டது. இப்படியே ஆறு நாள்.

ஏழாம் நாள், சாக்கில் கட்டிவிடலாம் என்று சொன்னவர் நஞ்சன். சணல் சாக்கைத் தண்ணீரில் நனைத்தால் இழை ஊறி இறுகிவிடும், பனி கசியாது. பரஞ்சோதி கோணி ஊசியில் நூல் கோத்து, கேரட் மூட்டைக்குத் தைப்பதுபோலவே வாய் தைத்தார். தைத்த மூட்டையைத் தராசில் கட்டியபோது பூஜ்யத்துக்குக் கீழே முந்நூறு கிராம் காட்டியது. கையை விட்டால் மெல்ல மேலே போனது. அதனால் பழைய இரும்புச் சட்டங்களை மேலே பாரமாகப் போட்டுக் கிடங்கில் அடுக்கினார்கள்.

கேரட் மூட்டை தைப்பதில் அந்தக் களத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. இருபத்தைந்து மூட்டைக்கு ஒரு மேல் மூட்டை. வழியில் நசுங்குவதற்கும் அழுகுவதற்கும் ஈடாக மண்டிக்குப் போவது. அது கணக்கில் ஏறாது. அடையாளம் தெரிவதற்காக வெள்ளை நூலுக்குப் பதில் நீல நூலில் தைத்து, அடுக்கில் சேர்க்காமல் தனியே பரணில் தூக்கிப் போடுவார்கள். லாரி வரும்போது கடைசியாக அதை ஏற்றுவார்கள். முப்பத்துநான்கு வருடத்தில் பரஞ்சோதி எத்தனை மேல் மூட்டை தைத்தார் என்று கேட்டால் சொல்லமாட்டார். கணக்கில் இல்லாததை அவர் எண்ணுவதில்லை.

ஊர் மேடத்தைப் பழகிக்கொண்டது. கால்நடை டாக்டரம்மா வந்து, போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, இது கடலுக்கு அந்தப் பக்கம் குளிர் தேசத்து மலை மாடு, இங்கே எப்படி வந்தது என்று தனக்குத் தெரியாது, உடம்பில் ஒரு குறையும் இல்லை, தினமும் சீவி விடுங்கள் என்று சொல்லிப் போனார். வனக் காவலர் ஒருவர் வந்து, காட்டு விலங்கா வீட்டு விலங்கா என்று நோட்டில் எழுத வேண்டும் என்றார். அரை மணி நேரம் அதைப் பார்த்தபடி ஹம்சாவின் கடையில் இரண்டு டீ குடித்தார். கடைசியில் 'சாது' என்று எழுதிக்கொண்டு போனார். பஸ் டிரைவர்கள் வளைவில் இரண்டு முறை ஹாரன் அடித்து வணக்கம் வைத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பொன்மணி அதன் கொம்பில் மஞ்சள் குங்குமம் வைத்தாள்; ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் அதன் கழுத்தில் சின்னச் சிலுவை ஒன்றைக் கட்டப் போனாள்.

"அண்ணே, நீங்களும் ஏதாவது கட்டிவிடுங்க" என்று ஜோசப்ராஜ் ஹம்சாவைச் சீண்டினான்.

"அதுக்கு என்ன மதம்னு அதுவே சொல்லல. நமக்கென்ன? சாயா குடிக்குமா கேளு, ஒரு பக்கெட் தரேன்" என்றார் ஹம்சா.

காலையில் சீவுவதற்கு முறை வைத்தார்கள். முதுகுக்கும் விலாவுக்கும் இரும்பு வாரி, வயிற்றுக்கு மரச்சீப்பு, நெற்றி மயிரில் சிக்குகிற மெல்லிய பனிக்கு அஞ்சலையின் பேன்சீப்பு. அந்த மெல்லிய பனியைத் தனி மூட்டையாகத் தைத்தார்கள். சுகந்தி குழந்தையோடு தாய்வீட்டில் இருந்த மூன்று மாதமும், முறை யாருடையதாக இருந்தாலும், நெற்றியைச் சீவுவது அவள் வேலை. குழந்தைக்கு மதுரா என்று பெயர் வைத்திருந்தார்கள். மதுராவை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு அவள் சீவும்போது, மேடம் தலையைத் தாழ்த்தி, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு நிற்கும்.

ஒரு நாளைக்கு இரண்டு மூட்டை, சில நாள் மூன்று, கார்த்திகை அடைமழை விட்ட மறுநாள் மட்டும் ஏழு. தை முடியும்போது பரஞ்சோதி அட்டையில் எழுதிய எண் இருநூற்று இருபத்தைந்து. அந்த வளைவில் அதுவரை ஒரு வண்டியும் பள்ளத்தில் இறங்கவில்லை. அந்த எண்ணையும் அவர் பக்கத்திலேயே எழுதியிருந்தார்: பூஜ்யம்.

மாசியில் வானம் வெளுத்தது. மலையில் மூடுபனி நின்றுபோனது. பங்குனியில் ஊற்று சுண்டி, கேரட் பாத்திகள் வெடிக்கத் தொடங்கியபோது, மூட்டைகளின் அருமை தெரிந்தது. சாயங்காலம் பாத்தியின் மேட்டில் ஒரு மூட்டையை அவிழ்த்துவிட்டால், மூடுபனி ஊர்ந்து போய் இலைகளின் மேல் படுத்துக்கொள்ளும். விடியும்போது ஒவ்வொரு இலையும் சொட்டும். தோட்டக்காரர்கள் பதினான்கு பேரும் முறைப்படி வாங்கிப் போனார்கள். நஞ்சனுடைய அண்ணன் மகள் கல்யாணத்தில் படம் எடுப்பதற்கு ஒன்று போனது. பரஞ்சோதி முகத்தைச் சுளித்துக்கொண்டு அதையும் எழுதினார். சித்திரை பத்துக் காலையில் அவிழ்த்தவை நூற்று நாற்பத்தொன்று, இருப்பு எண்பத்துநான்கு.

அந்தக் காலையில் மேடம் எழுந்திருக்கவில்லை.

இரண்டு வாரமாகவே அது சரியாகத் தின்னவில்லை. முடியை வெட்டிவிடலாமா என்று கேட்டதற்கு, வெட்டினால் வேர்த்துச் சளி பிடித்துப் பிழைக்காது, குளிர்ச்சியான இடம் வேண்டும் என்று டாக்டரம்மா போனில் சொல்லியிருந்தார். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். ஊற்றிய தண்ணீர் முடியில் நின்று வெந்நீராகி வடிந்தது. மத்தியானம் களத்தில் யாரும் இல்லாத நேரம். பரஞ்சோதி பக்கத்தில் போய் விலாவில் கை வைத்தார். ஐப்பசியில் அடுப்படிச் சூடாக இருந்தது இப்போது அடுப்பாகவே கொதித்தது. அவர் கையில் எண்ணுவதற்கு இருந்தது அதன் மூச்சு ஒன்றுதான். நிமிடத்துக்கு எழுபத்தெட்டு.

அவர் கிடங்குக்குள் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக யாரையும் கேட்காமல் ஒரு மூட்டையை எடுத்து வந்து, மேடத்தின் தலைமாட்டில் வைத்து நூலை அறுத்தார். மூடுபனி வெளியே வந்து, தெரிந்த வீட்டுக்குள் நுழைவதுபோல முடிக்குள் நுழைந்தது. மூச்சு எழுபது, ஐம்பத்தைந்து, முப்பதாக இறங்கியது. மேடம் முன்காலை ஊன்றி எழுந்து நின்று, அவர் தோளில் தாடையை வைத்தது.

அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு ஹம்சாவின் கடை முன்னால் கூட்டம். பதினான்கு தோட்டக்காரர்களும் வந்திருந்தார்கள். மாடு எழுந்து நின்றதையும் தலைமாட்டில் கிடந்த காலிச் சாக்கையும் பார்த்திருந்த எஸ்தர், தினம் ஒரு மூட்டை கொடுத்தால் மேடம் பிழைக்கும் என்று சொன்னாள். மழை வரும் வரை பாத்திகளுக்குத் தினம் இரண்டு வேண்டும் என்று நஞ்சன் சொன்னார்.

"எனக்கும் மேடத்து மேல பாசந்தான். இல்லேன்னு சொல்லல. ஆனா பதினாலு வீடு இந்தக் கேரட்ட நம்பி இருக்கு. மிஸ்ட்ட மாட்டுக்கு ஊத்திட்டு, புள்ளைங்களுக்கு என்னத்த ஊத்தறது?"

"மேலே ஊட்டிப் பக்கம் கொண்டு போய் விட்டுடலாம், அங்க குளுகுளுன்னு இருக்கும்" என்றார் ஒருவர்.

"நிக்கவே மூச்சு வாங்கற மாட்ட எதுல ஏத்துவ? உன் ஸ்கூட்டர்லயா?" என்றாள் எஸ்தர்.

சிரிப்பு எழுந்து அடங்கியது. மறுபடி எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அப்போது கடையின் ஓரத்தில், விறகு அடுக்கியிருந்த இடத்தில் நின்ற பரஞ்சோதி தொண்டையைச் செருமினார். அவர் செருமியதே ஒரு செய்தி. அத்தனை பேரும் திரும்பினார்கள். அவர் அவர்களைப் பார்க்காமல் கையிலிருந்த அட்டையைப் பார்த்துப் பேசினார்.

"இன்னைக்கு மத்தியானம் ஒரு மூட்டைய யாரையும் கேக்காம அவுத்துட்டேன். அது தப்பு. எழுதியிருக்கேன். இப்ப எண்பத்துமூணு இருக்கு."

அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"இருபது வருசமா குறிச்சு வெச்சிருக்கேன். வைகாசி இருபத்திரண்டுக்குள்ள மழை தொட்டுடும். நாளையிலேருந்து நாப்பத்துமூணு நாளு. நாப்பத்துமூணு மூட்டை மேடத்துக்கு. மிச்சம் நாப்பது பாத்திக்கு. பத்தாது. ரெண்டு பாத்திக்கு ஒண்ணு காயும்." விரலை அட்டையின் அடுத்த வரிக்கு நகர்த்தினார். "நாம இதுவரைக்கும் நூத்துநாப்பத்தொண்ணு நம்ம வேலைக்கு அவுத்து விட்டோம். அத்தனையும் அது தூக்கிட்டு வந்தது. நாம ஒண்ணுகூடப் புடிச்சுட்டு வரல. அது நம்மகிட்ட கேக்கறது நாப்பத்துமூணு. என் வீட்டுல ரெண்டு உசுரு… அத நான் எந்தக் கணக்குல எழுதறதுன்னு எனக்குத் தெரியல."

அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நின்ற இடத்தில் இரண்டு விறகு சரிந்து விழுந்தது. குனிந்து அதை அடுக்கத் தொடங்கினார்.

அவர் அடுக்குவதைப் பார்த்தபடி நஞ்சன், "முப்பத்துநாலு வருசத்துல இந்த ஆளு இவ்வளவு பேசி நான் கேட்டதில்ல" என்றார். "இனிமே ஒரு முப்பத்துநாலு வருசம் பேசமாட்டாரு. மறுத்துப் பேசினா நமக்குத்தான் பாவம்." தன் தோட்டத்தில் காய வேண்டிய பாத்திகளை அவரே முதலில் சொன்னார். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பரஞ்சோதி விறகை அடுக்கிக்கொண்டே அவற்றை மனசுக்குள் எழுதிக்கொண்டார்.

நாற்பத்துமூன்று நாள், மத்தியானம் பன்னிரண்டுக்கு, ஒரு நாளும் தவறாமல், மேடத்தின் தலைமாட்டில் ஒரு மூட்டை அவிழ்ந்தது. காய்ந்த பாத்திகளிலிருந்து சுண்டுவிரல் பருமனில் பிடுங்கிய கேரட்டைத் தோட்டக்காரர்களின் மனைவிமார் முந்தானையில் கொண்டு வந்து அதற்குக் கொடுத்தார்கள். புருஷன் ஊரான திருப்பூரின் வெயில் தாங்காமல் வைகாசி பிறந்ததும் சுகந்தி குழந்தையோடு மலைக்கு வந்துவிட்டாள். வந்தவள் வீட்டுக்குப் போகாமல் பெட்டியோடு நேரே களத்துக்கு வந்து, பேன்சீப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வைகாசி இருபத்திரண்டாம் தேதி கடைசி மூட்டை அவிழ்ந்தது. வானத்தில் ஒரு வெள்ளைத் துணுக்குகூட இல்லை.

"அப்பா, நாளைக்கு?" என்றாள் சுகந்தி.

பரஞ்சோதி கிடங்குக்குள் போய் உட்கார்ந்தார். இருபது வருடக் குறிப்பும் ஒரு வருடத்தில் பொய்யாகும் என்பதற்கு அவரிடம் எண் இல்லை. மனசு தறிகெட்டுப் போகும்போதெல்லாம் செய்வதுபோல, கையருகே இருந்ததை எண்ணினார். ஊசி இரண்டு. கத்தி ஒன்று. வெள்ளை நூல்கண்டு ஒன்று, நீல நூல்கண்டு ஒன்று. ஒரு மூட்டையின் வாய்க்கு இரண்டு முழம் நூல். வெள்ளை நூலை அளந்தார்; சரியாக இருந்தது. நீல நூலை அளந்தார். பதினெட்டு முழம் குறைந்தது. மறுபடி அளந்தார். பதினெட்டு முழம். இருபத்தைந்துக்கு ஒன்று என்று மண்டிக்குப் போன மேல் மூட்டைகளுக்குச் செலவான நூலைக் கழித்த பிறகும் குறைந்தது அது.

பதினெட்டு முழம் என்றால் ஒன்பது வாய்.

அவர் மெல்லத் தலையைத் தூக்கினார். பரணுக்கு மேலே, தகரக் கூரையின் இருட்டு மூலையில், கூரையை முட்டிக்கொண்டு, வெள்ளாட்டுக் குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதுபோல ஒன்பது சாக்குகள் மிதந்துகொண்டிருந்தன. ஒன்பதின் வாயிலும் நீலத் தையல். முப்பத்துநான்கு வருடப் பழக்கத்தில் கை தானாக இருபத்தைந்துக்கு ஒன்று தைத்துப் பரணில் போட்டிருக்கிறது. மூடுபனிக்கு மண்டி ஏது, நசுங்குவது ஏது என்று கைக்குத் தெரியவில்லை. கணக்கில் ஏறாததால் அவர் கண்ணிலும் படவில்லை.

மறுநாள் காலை அவர் நஞ்சனுக்கு முன்னால் போய் நின்றபோது காதெல்லாம் சிவந்திருந்தது. "என் எண்ணிக்கை தப்பு. இருநூத்து இருபத்தஞ்சு இல்ல. இருநூத்து முப்பத்துநாலு" என்றார். கூட்டிக்கொண்டு போய்ப் பரணைக் காட்டினார்.

நஞ்சன் அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தன வருசமா மண்டிக்காரனுக்குக் கொட்டிக் குடுத்த மேல் மூட்டை, மொதத் தடவையா நம்ம வீட்டுக்கே வந்திருக்கய்யா! இந்தத் தப்புக்கு உனக்கு மால போடணும்!"

"மாலையெல்லாம் வேண்டாம். ஏணி வேணும்" என்றார் பரஞ்சோதி.

இருபத்துமூன்று, இருபத்துநான்கு, இருபத்தைந்து என்று நீல மூட்டைகள் இறங்கின. ஊர் மொத்தமும் மத்தியானம் பன்னிரண்டுக்கு வந்து நின்று, மூட்டை அவிழ்வதைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தது. ஹம்சா அந்த நேரத்தில் கடையைப் பூட்டிக்கொண்டு வந்தார். இருபத்தெட்டாம் தேதி ஆறாவது மூட்டையும் அவிழ்ந்தது.

இருபத்தொன்பதாம் தேதி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். பரஞ்சோதி ஏழாவது நீல மூட்டையை முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு, முதல் தையலில் கத்தியை வைத்தார். கீழே பள்ளத்திலிருந்து ஒரு காற்று ஏறியது. மேடம், மயிர் மூடிய கண்களோடு, மூக்கைத் தூக்கியது. முதல் துளி பரஞ்சோதியின் புறங்கையில் விழுந்தது. இரண்டாவது மதுராவின் நெற்றியில் விழுந்தது. மூன்றாவது கத்தியில் விழுந்தது. நான்காவதிலிருந்து அவர் எண்ணவில்லை. எண்ண முடியாதபடி வந்தது. எஸ்தர் பூட்ஸோடு ஆடினாள். பொன்மணி மழையைப் பார்த்துக் கும்பிட்டாள். ஜோசப்ராஜ் ஜீப்புக்குள் உட்கார்ந்து ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். பதினான்கு தோட்டக்காரர்களும் வீட்டுக்கு ஓடாமல் அங்கேயே நின்று நனைந்தார்கள்.

மழைக்குப் பின்னால் பள்ளத்திலிருந்து மூடுபனி எழுந்து ரோட்டுக்கு வந்தது. மேடம் எழுந்து நின்றது. உடம்பை உதறியதில் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் இரண்டாவது தடவை நனைந்தார்கள். அது சுகந்தியிடம் போய், அவள் இடுப்பில் இருந்த குழந்தையை மோந்தது. மதுரா இரண்டு கையாலும் அதன் நெற்றி மயிரைப் பற்றி இழுத்து விலக்கினாள். உள்ளே, பழுப்பு நிறத்தில், பெரிதாக, ஈரமாக இரண்டு கண்கள் இருந்தன. மயிரைக் கீழ்நோக்கியே சீவி வந்ததால் அதுவரை யாரும் அவற்றைப் பார்த்ததில்லை. பரஞ்சோதி பார்த்தார். தலை குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "ரொம்ப நன்றி மேடம்" என்றார். ஏழு மாதம் பத்து நாளாக அவர் சொல்ல நினைத்தது அது.

மேடம் திரும்பி, ஐப்பசியில் நடந்த அதே நடையில், இறக்கத்தைப் பார்த்து நடந்தது. அதன் பின்னால் ரோடு தெரிந்தது.

மறுநாள் காலை அது வைக்கோல் போர்போல வெள்ளையாகக் களத்து ஓரத்தில் நின்றுகொண்டு, சீவ ஆள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. எஸ்தர் வாரியை எடுத்தாள், சுகந்தி பேன்சீப்பை எடுத்தாள். பரஞ்சோதி முதலில் ஏணியைப் போட்டு, அவிழ்க்காத ஏழாவது மூட்டையைக் கொண்டு போய்ப் பரணில் விட்டார். அது மிதந்து போய்க் கூரையில் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. கீழே இறங்கி, சட்டைப் பையிலிருந்த அட்டையை விரித்து, பழைய எண்ணை ஒரே கோட்டில் அடித்து, அதன் கீழே குண்டு குண்டாக எழுதினார்: தைத்தது இருநூற்று முப்பத்துநான்கு. அவிழ்த்தது இருநூற்று முப்பத்தொன்று. மிச்சம் மூன்று.